டே ஆற்றுக்குச் சால்மன் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஸ்காட்லாந்தில் சால்மனுக்குத் தூண்டில் போட ஆசைப்பட்டு நானும் மச்சானும் 470 பவுண்டைத் தொலைத்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. கையும் தூண்டிலுமாகப் பிடிபட்டோம் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விளம்பரம் பார்த்து வாட்ஸாப்பில் பேசிய ஆள் சொன்னது இதுதான்: அக்டோபர் இரண்டாம் வாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும் டே ஆறு. சால்மனும் பிடிக்கலாம், ட்ரவுட்டும் பிடிக்கலாம், பிடித்ததை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஆளுக்கு 190 பவுண்டு. 1922இல் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் இதே ஆற்றில் 64 பவுண்டு எடையுள்ள சால்மனைப் பிடித்தாரே, அந்தப் பழைய படத்தையும் அனுப்பினான். மச்சான் அங்கேயே விழுந்துவிட்டான்.

அப்புறம் 'ஸ்காட்லாந்து மீன்பிடி உரிமம்' என்று ஆளுக்கு 45 பவுண்டு கேட்டான். நாங்கள் இங்கிலாந்தில் இருப்பவர்கள். இங்கே தூண்டில் போட அரசு உரிமம் வாங்கித்தான் பழக்கம், அதனால் சந்தேகமே வரவில்லை. ஸ்காட்லாந்தில், எல்லையோர எஸ்க் ஆற்றைத் தவிர, அப்படி ஓர் உரிமமே கிடையாது! அங்கே சால்மன் பிடிக்கும் உரிமை தனியார் சொத்து. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் 'பீட்' என்று பெயர். அந்த பீட்டுக்கு உரியவர் எழுத்தில் அனுமதி தராமல் சால்மனுக்குத் தூண்டில் போட்டால் அது குற்றம்.

சனிக்கிழமை காலை 'வழிகாட்டி' என்று ஒருவன் வந்து எங்களைக் கரையில் இறக்கினான். பதினொரு மணிவாக்கில் மச்சானுக்கு ஒன்று மாட்டியது. தண்ணீரை விட்டு எடுக்காமல் பார்த்தோம். கடலிலிருந்து ஏறும்போது இருக்கும் வெள்ளிப் பளபளப்பு துளிகூட இல்லை, உடம்பு முழுக்கச் செம்பு நிறம், வயிறு உப்பியிருந்தது. இன்னும் சில வாரத்தில் முட்டையிடப் போகிற பெண் மீன். "அடித்துப் பையில் போடுங்கள்" என்றான் வழிகாட்டி. மச்சானுக்கு மனம் வரவில்லை. வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி நிறுத்தினான். ஒரு நிமிடம் அப்படியே செவுளை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கையை உதறிப் போய்விட்டது. அந்த இரண்டு நாளுக்காகக் கொடுத்த காசில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

சற்று நேரத்தில் ஆற்றுக் காவலர் வந்தார். வழிகாட்டி "காரில் ஒரு வேலை" என்று போனவன் திரும்பவே இல்லை. எங்கள் உரிமத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர், "இதில் ஆற்றின் பெயரே இல்லையே" என்றார்.

"சார், நாளைக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறோம்" என்றான் மச்சான், பாவம்.

"நாளை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே?"

ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிக்கவே கூடாதாம். சரி, ட்ரவுட்டாவது பிடிக்கலாமே என்றால், அந்தச் சீசன் அக்டோபர் 6ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆக, ஞாயிறன்று செய்ய எதுவுமே இல்லாத ஒரு நாளை எங்களுக்கு விற்றிருக்கிறான். காவலர் எங்கள் பெயர், முகவரி எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார். தூண்டில்களைப் பறிமுதல் செய்திருந்தாலும் எங்களால் ஒன்றும் பேசியிருக்க முடியாது.

பணத்தை நேரே அவன் வங்கிக் கணக்குக்கு அனுப்பியது என் முட்டாள்தனம். புகார் கொடுத்திருக்கிறேன், இன்றுவரை ஒரு பென்னிகூடத் திரும்பவில்லை. நீங்கள் போவதானால் எந்த பீட், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். வாங்கியதோடு விடாமல், அந்த பீட்டை நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்த மீனை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள், ஆற்றுக்கு ஆறு அந்த விதி மாறும்.

நேற்று அதே பாலன்டைன் படத்தோடு, வேறு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'டே ஆறு, டிசம்பர் சலுகை' என்று போட்டிருக்கிறான். டே ஆற்றில் சால்மன் சீசன் அக்டோபர் 15இல் மூடினால் ஜனவரி 15இல்தான் திறக்கும்.