தம்பதியருக்கான அந்த வார இறுதி: போகலாமா?

கணவர் கொழும்பில், மனைவி மலையகத் தேயிலைத் தோட்டத்தில் என்று வாழும் குடும்பங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கம் கன்னியாஸ்திரிகளின் தியான இல்லத்தில் நடக்கும் தம்பதியர் வார இறுதிக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் போய் வாருங்கள். என் வீட்டுக்காரருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. நான் மஸ்கெலியா பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். சம்பளக் கணக்கு, பிள்ளைகளின் ரியூஷன், மாமியின் மருந்து என்று பேசி முடிப்பதற்குள் திரும்பவும் பஸ் ஏற வேண்டும். எங்களுக்குள் சண்டை இல்லை, பேச்சும் இல்லை.

மேரேஜ் என்கவுண்டர் என்ற கத்தோலிக்கத் தம்பதியர் இயக்கத்தின் முறையில்தான் நடத்துகிறார்கள். கபிரியேல் கால்வோ என்ற ஸ்பானியக் குருவானவர் 1962இல் பார்சலோனாவில் 28 தம்பதியரோடு தொடங்கியது, பிறகு உலகமெல்லாம் பரவிவிட்டது. வெள்ளி பின்னேரம் போனால் ஞாயிறு பின்னேரம் வரலாம். போனதும் போனை அணைத்து, மணிக்கூட்டையும் கழற்றிவைக்கச் சொல்கிறார்கள். பேசுகிறவர்கள் நிபுணர்கள் இல்லை. சில தம்பதிகளும் ஒரு ஃபாதரும் தங்கள் சொந்த வாழ்க்கையைச் சொல்கிறார்கள். நாங்கள் எல்லார் முன்னாலும் எழும்பி வீட்டுக் கதையைச் சொல்லத் தேவையில்லை. அது தெரிந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வரவே சம்மதித்தார்.

முக்கியமான வேலை கொப்பியில்தான் நடக்கிறது. ஒரு கேள்வி தருவார்கள். ஒருவர் மண்டபத்திலும் மற்றவர் அறையிலும் இருந்து பத்து நிமிடம் எழுத வேண்டும். அப்புறம் கொப்பியை மாற்றி இரண்டு தடவை வாசித்துவிட்டு, பத்து நிமிடம் பேச வேண்டும். உணர்வை மட்டும்தான் எழுதலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'உங்களுக்கு வீட்டு நினைப்பே இல்லை' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. 'சனிக்கிழமை ராத்திரி நீங்க போன் எடுக்காதபோது பயமா இருந்துச்சு' என்று எழுதினால் அது உணர்வு. உணர்வில் சரி பிழை கிடையாது, அதனால் வாதாட ஒன்றும் இல்லை.

அவருடைய கையெழுத்தைப் பார்த்தே எத்தனையோ காலம். சாய்ந்த எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'வீட்டுக்கு வந்தா விருந்தாளி மாதிரி இருக்கு. பிள்ளைங்க எதுன்னாலும் உன்கிட்டதான் கேக்குறாங்க. நான் பக்கத்துல நிக்கிறது யாருக்கும் தெரியலை.' இதை அவர் வாயால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடமும் பேசவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மாதா படமும் முருகன் படமும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. ஜெபத்திலும் பூசையிலும் யாரும் என்னை ஒதுக்கவில்லை, மாறச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. அன்பு என்பது ஒரு தீர்மானம், மனநிலை மாறினாலும் தினமும் எடுக்க வேண்டிய தீர்மானம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதைக் கடவுள் முன்னால் எடுக்கும்போது தனியாகச் சுமக்கிற பாரம் குறைகிறது. எனக்கு இது முழுக்க உண்மை. கடைசி நாள் திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்க வைக்கிறார்கள். கலியாணத்தன்று ஃபாதர் சொல்லச் சொல்ல அவசரமாக ஒப்பித்தது அது. இந்தத் தடவை 'உடல் நலத்திலும் நோயிலும்' என்ற இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. போன வருடம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு லீவு கொடுக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்றைக்குத்தான் பேசினோம்.

குறைகளும் உண்டு. வெள்ளி, சனி என்றால் கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போகும், அரைப் பேர்கூடக் கிடைக்காது. நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஏற்பாட்டாளர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். எழுதிப் பழக்கமில்லாத ஒரு வயதான தம்பதி கொப்பியோடு திண்டாடினார்கள். வாயால் சொன்னால் போதும் என்று பிறகு விட்டார்கள், அதை முதலிலேயே அறிவித்திருக்கலாம். பேசிய தம்பதிகளில் ஒரு சோடி கார், வீட்டுக் கடன் என்று கொழும்பு உதாரணமாகவே சொன்னார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறையில் மாமனார் மாமியோடு இருக்கிறவர்கள் பத்து நிமிடம் தனியாகப் பேச எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் சுடச்சுட வந்தன. குளிக்கச் சுடுதண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான்.

இன்னொன்று. அடி, உதை உள்ள வீட்டுக்கு இது மருந்து இல்லை. இது ஓரளவு நன்றாகப் போகும் குடும்பத்துக்கானது. பயத்தோடு வாழ்கிற பெண்கள் தேசிய மகளிர் உதவி இலக்கமான 1938ஐ அழையுங்கள்.

பதிவுக்குச் சிறு தொகைதான். முடிவில் பெயர் எழுதாத உறை ஒன்று தருகிறார்கள், முடிந்ததை வைக்கலாம். இப்போது கடை பூட்டியதும் அவர் தன் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், நானும் அனுப்புகிறேன். பிறகு பத்து நிமிடம் போனில் பேசுகிறோம். சில ராத்திரி சிக்னல் கிடைக்காது, அப்போது மறுநாள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது, சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். பதிவுக்கு உங்கள் பங்குக் கோவில் ஃபாதரிடம் கேளுங்கள், சைவக்காரர்களும் கேட்கலாம்.