டொமைன் மறுவிற்பனைச் சேவைகள்: நடுவில் நிற்பவர் யார் பக்கம்?

பொதுவான ஒரு சொல்லை டொமைனாக (இணையதள முகவரியாக)ப் பதிந்து, காத்திருந்து, லாபத்துக்கு விற்பதில் தப்பில்லை என்பதே எங்கள் நிலை. இன்சூரன்ஸ் டாட் காம் 2010ல் 3.56 கோடி டாலருக்குக் கைமாறியது; அந்தச் சொல் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று எவரும் கேட்க முடியாது. அடுத்தவர் பிராண்டைப் பதிந்துகொண்டு பேரம் பேசுவது வேறு. திரைப்படக் கேமரா நிறுவனமான பானாவிஷனின் பெயரைப் பதிந்துவிட்டு 13,000 டாலர் கேட்டவர், 1998ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். இந்தக் கோடு பலருக்கும் தெரியும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே கமிஷன் வாங்கும் சேவையின் நேர்மையைத்தான் யாரும் கிளறுவதில்லை. உங்களுக்கு எந்தப் பெயர் வேண்டும், எவ்வளவு வரை போவீர்கள் என்ற இரண்டும் அவர்களுக்குத் தெரியும். அதை வைத்து என்ன செய்கிறார்கள்?

தேடும் பெட்டியிலேயே சிக்கல் தொடங்கிவிடலாம். 2008 தொடக்கத்தில், டொமைன் பதிந்து தரும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் தளத்தில் ஒருவர் பெயரைத் தேடிவிட்டுப் பதியாமல் போனால், நிறுவனமே அதைத் தன் பெயரில் பதிந்து நான்கு நாள் பிடித்து வைத்தது. அதுவரை வேறு எங்கும் வாங்க முடியாது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றது விளக்கம். புதிதாகப் பதிந்த பெயரை ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால் காசு திரும்பும் என்ற சலுகைதான் இதற்கு வழிவிட்டது. 2009ல், டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பு அந்தச் சலுகைக்கு வரம்பு போட்டது: மாதத்தில் புதிதாகப் பதிந்தவற்றில் 10 சதவீதம் அல்லது 50 பெயர், எது அதிகமோ அதுவரைதான் காசு திரும்பும். அதோடு இந்த விளையாட்டு பெரும்பாலும் அடங்கியது. ஆனாலும் வாங்கும் முடிவு எடுத்த நாளில் மட்டும் தேடுங்கள்; தேடிய கையோடு பதிந்துவிடுங்கள்.

அடுத்தது பேக் ஆர்டர். காலாவதியாகும் பெயரைப் பிடித்துத் தரும் சேவை இது. இங்கே நாள்கணக்கு தெரியாமல் பணம் கட்டாதீர்கள். டாட் காம் பெயரின் கெடு முடிந்ததும் ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) அதிகபட்சம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். பிறகு அழித்தால் 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம்; பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாள் பெண்டிங் டெலீட், அதாவது அழிப்புக்குக் காத்திருக்கும் கட்டம். அப்போது யாராலும் தொட முடியாது. ஆக, 80 நாள் வரை இழுக்கும். பெண்டிங் டெலீட் வந்தால் மட்டுமே பேக் ஆர்டருக்கு உண்மையான வேலை.

ஆனால் நல்ல பெயர்கள் அந்தக் கட்டத்துக்கு வருவதே அபூர்வம். முதல் 45 நாளுக்குள்ளேயே ரெஜிஸ்ட்ரார் ஏலம் விட்டுவிடுகிறார். அதாவது புதுப்பிக்க மறந்தவருக்குப் புதுப்பித்துத் தர வேண்டியவரே, அவர் மறந்தால் லாபம் பார்ப்பவராகவும் இருக்கிறார். இந்தத் துறையின் பெரிய ஓட்டை இதுதான் என்போம். நினைவூட்டல் மின்னஞ்சலை எத்தனை முறை அனுப்புகிறார்கள், ஏலம் முடிந்த பிறகும் பழைய உரிமையாளர் கேட்டால் திருப்பித் தருகிறார்களா என்று விதிமுறைப் பக்கத்தில் படித்துப் பாருங்கள். திருப்பித் தருவார்கள் என்றால் வாங்குபவருக்கு எரிச்சல்தான், ஏலத்தில் வென்றும் பெயர் கிடைக்காமல் போகலாம். நேர்மையான விதி என்னவோ அதுதான்.

பிடிக்கும் வாய்ப்பும் எல்லாச் சேவைக்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் பதிவகத்தோடு (டாட் காம் போன்ற பெயர்களின் முதன்மைப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு) இத்தனை இணைப்பு என்று அளவு உண்டு. அதனால் டிராப்கேட்ச் போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ரெஜிஸ்ட்ரார் உரிமங்களை வாங்கிக் குவித்தன. ஒற்றை உரிமத்தோடு பேக் ஆர்டர் விற்கும் இடத்தில் முன்பணம் கட்டுவது வீண். கிடைத்தால் மட்டும் காசு என்ற இடத்தில் போடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் போட்டாலும் நஷ்டமில்லை.

ஏலத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நடத்துபவரின் ஆட்கள் ஏலம் கேட்கலாமா? 2009ல் ஸ்னாப்நேம்ஸ் என்ற டொமைன் ஏல நிறுவனம் தன் ஊழியர் ஒருவர் வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றி வந்ததைத் தானே ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் திருப்பித் தர முன்வந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடிய வேலை அது. உச்சவரம்பை முன்கூட்டியே பதிந்து வைக்கும் தானியங்கி ஏலத்தில்தான் இப்படி நோண்டுவது எளிது. கடைசி நிமிடங்களில் கையால் கேளுங்கள். கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் சில நிமிடம் நீளும் தளங்களில் இதற்கு நேரமும் கிடைக்கும்.

தரகர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கமிஷன் விலையில் சதவீதமாக இருக்கும்வரை விலையைக் குறைக்க அவருக்கு ஆர்வம் இருக்காது. நிலையான கட்டணத்துக்கு வேலை செய்பவர் கிடைத்தால் மட்டும் வாங்குபவர் தரகரிடம் போகலாம்.

எஸ்க்ரோ மட்டும் காசுக்குத் தகுந்த சேவை. வாங்குபவர் பணத்தை எஸ்க்ரோவில் போடுகிறார், விற்பவர் பெயரை மாற்றுகிறார், வாங்குபவர் கையில் வந்ததை உறுதி செய்கிறார், பிறகே பணம் விடுவிக்கப்படும். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, போலி எஸ்க்ரோ தளம்: எதிராளி அனுப்பிய இணைப்பைச் சொடுக்காமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மற்றொன்று, அதே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவதை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதோடு குழப்பிக்கொள்வது. முன்னது சில நிமிடம். பின்னதற்கு ஆத் கோட் (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) வேண்டும், ஐந்து நாள் வரை ஆகும். அண்மையில் பதிந்த அல்லது மாற்றிய பெயராக இருந்தால் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாத 60 நாள் பூட்டும் குறுக்கே வரும். எஸ்க்ரோவில் உறுதி செய்யும் கெடு, பெயர் மாறி முடிவதற்கு முன்பே முடிகிறதா என்று பாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு பொறி உண்டு. நல்ல விலை சொல்லும் ஒருவர், குறிப்பிட்ட ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார். அந்தத் தளம் அவருடையதே. கட்டணம் போனதும் ஆளைக் காணோம்.

வாங்கும் முன் வர்த்தக முத்திரைப் பதிவேடுகளில் பெயரைத் தேடுங்கள். யுடிஆர்பி (டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் ஐகான் விதிமுறை) புகாரில் மூன்றும் நிரூபணமாக வேண்டும்: முத்திரையோடு குழப்பும் ஒற்றுமை, உங்களுக்கு நியாயமான உரிமை இல்லாமை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தியது. இந்தப் புகார்களை விசாரிக்கும் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) அமைப்பில் ஐந்து பெயர் வரை, ஒரு நடுவர் விசாரிக்க, புகார் தருபவர் கட்டுவது 1,500 டாலர். பதில் சொல்ல உங்களுக்கு 20 நாள். தோற்றால் பெயர் போகும், அபராதம் கிடையாது. பார்க்கிங் பக்கத்தில் (பயன்படுத்தாத பெயரில் விளம்பரம் மட்டும் காட்டும் பக்கம்) தானாக வரும் விளம்பரம் அதே பிராண்டின் போட்டியாளரைக் காட்டினால், அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

பெயர் கைக்கு வந்ததும் கேட்ச்-ஆல் மின்னஞ்சலை (அந்த டொமைனில் எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் சேர்க்கும் வசதி) இயக்காதீர்கள். பழைய உரிமையாளரின் வங்கி அறிவிப்பும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் உங்கள் பெட்டியில் வந்து விழும்.