பொன்சாய்க்குப் போத்தா, பதியமா? ஜெஜாவியா, காகிதப்பூவா?

பொன்சாய் வளர்க்க ஆசை என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கடைக்குப் போகாதீர்கள், முருங்கைப் போத்து (வெட்டி நடுகிற கிளைத்துண்டு) நட்டுப் பழகிய கை நம்முடையது, அதே கையால் ஆரம்பியுங்கள் என்பதுதான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட வீடுகளின் வேலியெல்லாம் காகிதப்பூ. கால்வாய்ச் சுவரின் வெடிப்பில் ஜெஜாவி என்கிற அத்தி வகை மரம் முளைத்து நிற்கும். செம்பனையின் மட்டை இடுக்கில்கூடப் பறவை போட்ட எச்சத்தில் இந்த அத்தி வகைகள் வேரைத் தொங்கவிட்டிருக்கும் (தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்). பொருளுக்குப் பஞ்சமில்லை. எதை, எந்தப் பருமனில் வெட்டுவது என்று தெரியாமல்தான் புதியவர்கள் முதல் வருடத்தை இழக்கிறார்கள்.

விதையா, போத்தா? அப்பா தோட்டத்தில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். ரப்பரில் போத்து நட்டால் சரியான ஆணிவேர் இறங்காது, பெரிய காற்றில் மரம் சாய்ந்துவிடும், அதனால்தான் விதைக்கன்று வளர்த்து அதில் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டுகிறோம் என்பார். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறதே, அப்படி நிற்க ஆணிவேர் வேண்டும். பொன்சாய்க்கு இது அப்படியே தலைகீழ். இரண்டு அங்குல ஆழத் தட்டில் ஆணிவேருக்கு இடமே கிடையாது, விதைக்கன்று என்றால் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். போத்தோ வெட்டுவாயைச் சுற்றிப் பக்கவாட்டில் வேர் விடும், பின்னால் மண்ணுக்கு மேல் நாலாபுறமும் விரிந்து தெரிகிற வேரழகுக்கு அதுதான் அடித்தளம். புளியங்கொட்டை ஓரிரு வாரத்தில் முளைத்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அடிமரம் திரள வருடக்கணக்காகும். பிள்ளைகளோடு சேர்ந்து போட்டு வைக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது பருமன். பென்சில் பருமனில் வெட்டினால் சுலபமாக வேர் பிடிக்கும், ஆனால் சின்னச் சட்டியிலேயே வைத்திருந்தால் ஐந்து வருடம் கழித்தும் ஏறக்குறைய பென்சிலாகவே இருக்கும். சட்டிக்குள் மரம் பருக்காது, தரையிலோ பெரிய வாளியிலோ தாராளமாக ஓடவிட்டால்தான் பருக்கும். மணிக்கட்டுப் பருமன் கட்டை என்றால் நட்ட அன்றே கிழட்டு மரத்தின் தோற்றம் வந்துவிடும், அழுகும் ஆபத்தும் அதே அளவுக்கு உண்டு. புதியவருக்கு நான் சொல்வது கட்டைவிரல் பருமன், ஒன்று இல்லை, பத்து. இளம்பச்சைக் கிளை வேண்டாம், பட்டை பழுப்பேறிய கிளையாகப் பார்த்து கணுவுக்குக் கீழே அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டுங்கள். இலை இல்லாத கட்டையில் எது அடி எது நுனி என்று மறுநாள் குழம்பும், தலைகீழாக நட்டால் பிழைப்பது கடினம். ஆற்று மணலும் சுட்ட உமியும் பாதிக்குப் பாதி போதும். தோட்டத்து மண்ணை மட்டும் போடாதீர்கள், நம் ஊர் மாலை மழையில் களியாகிவிடும். தண்ணீர்ப் போத்தலில் வேர்விட வைப்பவர்களும் உண்டு. அந்த வேர் நொறுங்கக்கூடியது, மண்ணுக்கு மாற்றும்போது உடைந்து போகும், ஏடிஸ் கொசுத் தொல்லை வேறு.

இனி ஜெஜாவியா, காகிதப்பூவா என்பது. காகிதப்பூதான் எல்லோரையும் இழுக்கும், பூ இருக்கிறதே! பெரியம்மா வீட்டு வேலியை எடுத்தபோது மணிக்கட்டுப் பருமனில் ஆறு கட்டை கொண்டுவந்து நட்டேன். பத்தாம் நாள் பட்டையில் கடுகளவு சிவப்பு மொட்டுகள், மூன்றாம் வாரம் விரல் நீளத் தளிர். வேர் பிடித்துவிட்டது என்று வெயிலுக்கு நகர்த்தினேன். இரண்டே நாளில் அத்தனை தளிரும் துவண்டு தொங்கியது, மனம் கேட்காமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை, வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடிப்பு மட்டும். கட்டைக்குள் சேர்த்து வைத்திருந்த சத்தில்தான் அந்த இலையெல்லாம் வந்திருக்கிறது. அப்புறம் தே ஐஸ் கட்டிக் கொடுக்கும் தெளிவான பிளாஸ்டிக் குவளையில் அடியில் ஓட்டை போட்டு, சுற்றிக் கறுப்புப் பையைச் சுருட்டி நட ஆரம்பித்தேன். பையை விலக்கினால் வேர் கண்ணுக்குத் தெரியும், தெரியும்வரை நிழலைவிட்டு எடுப்பதில்லை. காகிதப்பூவின் கட்டை உள்ளே மென்மையானது, மேல் வெட்டில் மெழுகு பூசாவிட்டால் மழைநீர் இறங்கி உள்ளிருந்தே அழுகும்.

ஜெஜாவி இவ்வளவு படுத்தாது. வெட்டியதும் ரப்பர் மாதிரி பால் வடியும், வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பால் நின்றதும் இலையைப் பாதியாகக் குறைத்து நடுங்கள். நம் புழுக்கத்தில் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும், கிளையைத் தப்பாக வெட்டினாலும் வேறு இடத்தில் துளிர்க்கும். பூவாக ஒன்றும் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனாலும் முதல் மரம் சாகாமல் இருப்பது முக்கியம், செத்த மரத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் ஓட்டு ஜெஜாவிக்கு.

பதியம், அதாவது மலாய்க்காரர்கள் தூட் என்பது, கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் நம் வீடுகளில் போட்டதுதான். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பான பச்சைப் படலத்தைச் சுரண்டி, ஈரத் தேங்காய் நாரை வைத்து பிளாஸ்டிக்கால் கட்டினால், தாய்மரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வேர் வரும். பருமனான கிளைக்குப் போத்தைவிட இது பாதுகாப்பு, வேரும் வட்டமாக அமையும். ஆனால் கிளைக்கு ஒரு மரம்தான், தாய்மரமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பத்துப் போத்து நட்டு நாலு செத்தால் கற்கிற பாடம் இதில் கிடைக்காது. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூ இல்லாமல் மனம் ஒப்பாதவர்களுக்கு அந்திங் புத்ரி இருக்கிறது, இளவரசியின் தொங்கட்டான் என்று பொருள், வெள்ளைப் பூ கீழ்நோக்கித் தொங்கி மணக்கும். கிளைப் போத்தைவிட இதில் வேர்த்துண்டு சுலபம். சட்டி மாற்றும்போது வெட்டிப் போடுகிற பருத்த வேரை ஒரு விரல் நீளம் மேலே தெரிய நட்டாலே துளிர்க்கும், முறுக்கி வளைந்த வேர் அப்படியே அடிமரமாகிவிடும். சட்டி மாற்றுகிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் குப்பைக்குப் போகும் முன் கேட்டு வாங்குங்கள்.