ஸ்டிப் காம்பஸ்: உலக நாடுகளோட ஆராய்ச்சிக் கொள்கைகளை ஒரே இடத்துல தேடணும்னா

ஆராய்ச்சிக் கொள்கை பத்திப் படிக்கிறவங்க, எழுதுறவங்க, ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு நோட் தயார் பண்றவங்க, யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல "இதையே மத்த நாட்டுல எப்படிப் பண்றாங்க"ன்னு கேட்டே ஆகணும். அந்தக் கேள்விக்கு நான் முதல்ல போற இடம் ஸ்டிப் காம்பஸ் (ஸ்டிப்னா அறிவியல், தொழில்நுட்பம், இன்னோவேஷன் கொள்கைங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம்). ஓஇசிடியும் (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்து வச்சிருக்கிற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) ஐரோப்பிய கமிஷனும் சேர்ந்து நடத்துற டேட்டாபேஸ், காசு இல்ல, யார் வேணா உள்ள போய்த் தேடலாம், மொத்த டேட்டாவையும் டவுன்லோட் கூட பண்ணிக்கலாம். 50க்கும் மேல நாடுகள், பல ஆயிரம் திட்டங்கள். தமிழ்ல இதைப் பத்தி யாரும் விரிவா எழுதி நான் பாக்கல, அதான் இந்த ரிவ்யூ.

இது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சா இதோட அருமை புரியும். முன்னாடி ஓஇசிடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தன்னோட அறிக்கைக்காக நாடுகளுக்கு ஒரு பெரிய கேள்விப் பட்டியல் அனுப்பும். ஐரோப்பிய கமிஷன் பக்கம் ட்ரெண்ட்சார்ட், எராவாட்ச்னு தனித்தனியா திட்டங்களைத் தொகுத்துட்டு இருந்தாங்க. ஒரே விஷயத்தை ரெண்டு பக்கமும் தனித்தனியா சேகரிச்சாங்க, ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாக்கவும் முடியாது. இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சர்வே, ரெண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று, அந்த பதில்களை எல்லாரும் பாக்குற மாதிரி 2018ல போர்ட்டலா திறந்துட்டாங்க. சர்வே பதில்ங்கிறது பொதுவா அறிக்கை வந்ததும் அலமாரிக்குள்ள போயிடுற சமாச்சாரம், அதை வெளிய வச்சதே பெரிய காரியம்னு நான் நினைக்கிறேன்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். பேரு, நோக்கம், ஆரம்பிச்ச வருஷம், எந்த அமைச்சகம் அல்லது ஏஜென்சி நடத்துது, யாருக்காக, எந்த வழியில உதவி போகுது, வருஷ பட்ஜெட் எந்த வரம்புக்குள்ள, மதிப்பீடு நடந்துச்சா, நடந்திருந்தா அந்த ரிப்போர்ட் எங்கன்னு. இதுல உண்மையான உழைப்பு வகை பிரிச்சதுலதான் இருக்கு. ஒரு நாட்டுல மிஷன்னு பேரு வச்சிருப்பாங்க, இன்னொரு இடத்துல ப்ரோக்ராம், வேற ஒருத்தர் ஃபண்ட்னு சொல்லுவாங்க, பேரை வச்சுத் தேடினா ஒண்ணும் கிடைக்காது. அதனால நேரடி நிதியா, வரிச்சலுகை மாதிரி மறைமுக நிதியா, கூட்டு வசதிகளா, விதிமுறையா, நிர்வாக ஏற்பாடான்னு பெரிய பிரிவா பிரிச்சு அதுக்குள்ள சின்னச் சின்ன வகையா வச்சிருக்காங்க. யாருக்குப் போய்ச் சேருதுங்கிறதையும் இதே மாதிரி பிரிச்சிருக்காங்க, பிஎச்டி மாணவர், சின்ன கம்பெனி, பொது ஆய்வகம், பெண் ஆராய்ச்சியாளர்னு. ரெண்டு ஃபில்டரை சேர்த்துப் போட்டா நாட்டோட பேரே தெரியாம இருந்தா கூட திட்டம் கண்ணுல படும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒரு கொள்கை நாடு விட்டு நாடு போறதைப் பின்தொடர முடியறதுதான். அமெரிக்கால 1982ல எஸ்பிஐஆர்னு ஒரு சட்டம் வந்துச்சு, பெரிய அரசு ஏஜென்சிகள் தங்களோட வெளி ஆராய்ச்சி பட்ஜெட்ல ஒரு பங்கை சின்ன கம்பெனிகளுக்குன்னு ஒதுக்கியே ஆகணும். அதைப் பாத்து 1999ல ஜப்பான் அதே பேர்ல ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டுல 2005ல உயிர்த்தொழில்நுட்பத் துறை எஸ்பிஐஆர்ஐ கொண்டு வந்தாங்க. பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா அமெரிக்கால அது ஏஜென்சிகள் மேல சட்டம் போட்ட கட்டாயம், இங்க ஒரு துறை நடத்துற நிதித் திட்டம், ரெண்டும் வேற வேற. இந்த மாதிரி வித்தியாசத்தை பேரை மட்டும் பாத்தா பிடிக்கவே முடியாது, எந்த வழியில காசு போகுது, யாரு பொறுப்புன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாத்தான் பிடிபடும், அந்தப் பழக்கத்தைத்தான் இந்த டேட்டாபேஸ் நமக்குக் கத்துக் குடுக்குது.

5க்கு 4 குடுப்பேன். அந்த ஒரு மார்க்கைப் பத்தித்தான் இனி சொல்லப் போறேன், ஏன்னா இதை வச்சு தப்பான முடிவுக்கு வர்றது ரொம்ப சுலபம்.

முதல் விஷயம், தயவு செஞ்சு திட்டங்களை எண்ணாதீங்க. "இந்த நாட்டுல இத்தனை திட்டம், அந்த நாட்டுல அதை விடக் குறைவு, அதனால இவங்க முன்னணி"ன்னு சார்ட் போடுறது அர்த்தமே இல்லாதது. ஃபிரான்ஸோட ஆராய்ச்சி வரிக்கடன் (ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணதுல ஒரு பங்கை கம்பெனி கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம்) 1983லேர்ந்து இருக்கு, 10 கோடி யூரோ வரைக்குமான ஆராய்ச்சிச் செலவுக்கு 30 சதவீதம், அதுக்கு மேல 5 சதவீதம், வருஷத்துக்கு அரசாங்கத்துக்கு பல நூறு கோடி யூரோ செலவு. அது இங்க ஒரு திட்டம். வேற எங்கயோ வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்குற விருதும் ஒரு திட்டம். ஒரு நாடு எல்லாத்தையும் ஒரே குடைக்குள்ள போட்டு ஒரு பதிவா எழுதும், இன்னொரு நாடு ஒவ்வொரு கிராண்ட்டையும் தனித்தனியா எழுதும். எண்ணிக்கையில தெரியிறது ஃபார்ம் நிரப்பினவங்களோட வழக்கம், அந்த நாட்டோட முயற்சி இல்ல.

டவுன்லோட் பண்ற ஃபைல்லயும் இதே ஆபத்து இருக்கு. அது கமா வச்சுப் பிரிச்ச ஃபைல் இல்ல, நேர்கோடு குறி (|) வச்சுப் பிரிச்சது, அதனால எக்ஸெல்ல அப்படியே திறந்தா எல்லாம் ஒரே நெடுவரிசைல குவிஞ்சு நிக்கும். அதை விட முக்கியம், ஒரே திட்டத்துக்கு மூணு வழியில உதவி இருந்தா மூணு வரிசையா வரும். வரிசையை அப்படியே எண்ணிட்டு பேப்பர் எழுதினா கணக்கு வீங்கிப் போயிடும், திட்டத்தோட அடையாள எண்ணை வச்சு ஒண்ணாக்கிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

ரெண்டாவது, காலம். கொள்கை உலகத்துல ரெண்டு வருஷம்ங்கிறது ரொம்ப நீளம். ஃபின்லாந்தோட டெகெஸ்ஸை இன்னோவேஷன் ஏஜென்சிக்கு உதாரணமா உலகம் முழுக்கச் சொல்லிட்டு இருந்தாங்க, 2018ல அதை ஏற்றுமதியை ஊக்குவிக்கிற ஃபின்ப்ரோங்கிற அமைப்போட இணைச்சு பிசினஸ் ஃபின்லாந்துன்னு ஆக்கிட்டாங்க. இந்தியாவுல 2008 சட்டத்தால வந்த, ஆராய்ச்சிக்கு நிதி குடுக்குற வாரியமான எஸ்இஆர்பி, 2023ல வந்த ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) சட்டத்தால போயிடுச்சு, அதோட வேலை எல்லாம் புது அமைப்புக்கு மாறிடுச்சு. எண்ணும் மாறும். கம்பெனிக்குள்ள இருக்கிற ஆராய்ச்சிப் பிரிவுக்கு வருமான வரிச் சட்டத்துல 200 சதவீதம் கழிவு குடுத்துட்டு இருந்தோம், அதாவது 100 ரூபா செலவு பண்ணா வரி போடுற வருமானத்துல 200 ரூபா கழிச்சுக்கலாம், அது 150 ஆச்சு, 2020-21லேர்ந்து 100 ஆயிடுச்சு, செலவு பண்ணதை மட்டும்தான் கழிக்கலாம். பேரு அதே பிரிவு, ஆனா சலுகைங்கிற விஷயமே காலி. ஒரு திட்டம் "இருக்கு"ன்னு டிக் போட்டா அதுக்குள்ள நடந்த இந்தத் தேய்மானம் தெரியுமா? அதனால வரிச்சலுகை மட்டும் வேணும்னா அதே ஓஇசிடியோட இன்னோடாக்ஸ் பக்கம் போங்க, அது அதுக்குன்னே இருக்கிற தொகுப்பு, சதவீதம் வரம்பு எல்லாம் விவரமா இருக்கும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். இதுல இருக்கிற பதில்கள் அந்தந்த அரசாங்கத்து அதிகாரிகளே எழுதிக் குடுக்குறது. பொய் சொல்றாங்கன்னு சொல்லல, அவங்க இல்லாம இந்த டேட்டாபேஸே இல்ல, அன்றாட வேலைக்கு நடுவுல உக்காந்து பொறுமையா நிரப்புறாங்க, அவங்களுக்கு நன்றி சொல்லணும். ஆனா தன் துறையோட திட்டத்தைத் தானே விவரிக்கும்போது நோக்கம் அழகா வரும், என்ன ஆச்சுங்கிறது வராது. ஆரம்பிச்ச தேதி தெளிவா இருக்கும், நின்னு போன காரணம் இருக்காது. மத்த நாடு கத்துக்க வேண்டியது அந்தக் காரணத்துலதான் நிறைய இருக்கு, ஒரு வவுச்சர் திட்டம் (சின்ன கம்பெனி வெளிய ஆராய்ச்சி உதவி வாங்க அரசு குடுக்குற கூப்பன்) ஏன் கம்பெனிகளை இழுக்கல, ஒரு நிதி ஏன் பாதியில மூடினாங்கன்னு தெரிஞ்சா அடுத்தவங்க அதே பணத்தை வீணாக்க மாட்டாங்க. மதிப்பீட்டு ரிப்போர்ட் இணைச்சிருக்கிற திட்டங்களை மட்டும் தனியா எடுத்துப் படிச்சுப் பாருங்க, அது வேற தரம்.

யுனெஸ்கோவோட கோ-ஸ்பின்னும் இதே வேலையை வேற மாதிரி பண்ணுது. 2013ல போட்ஸ்வானால ஆரம்பிச்சு ஜிம்பாப்வே, மலாவி, ருவாண்டான்னு ஒரு நாட்டுக்கு ஒரு முழுப் புத்தகம். ஸ்டிப் காம்பஸ்ல பணக்கார நாடுகள் பக்கம்தான் அடர்த்தி அதிகம், ஆப்பிரிக்கா மெலிசு, அந்தக் குறையை கோ-ஸ்பின் கொஞ்சம் நிரப்புது. ஆழம் அங்க, அகலம் இங்க. ரெண்டும் ஒரே வகைப்பாட்டுல பேசினா எவ்ளோ நல்லா இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் தோணும்.

வேகமா இயங்க முடியும்னும் இவங்க காட்டியிருக்காங்க. 2020ல கோவிட் வந்ததும் நாடுகள் எடுத்த அறிவியல் நடவடிக்கைகளைத் தனியா தொகுத்தாங்க, அதே வருஷம் ஆரம்பிச்ச ஓஇசிடியோட செயற்கை நுண்ணறிவுக் கொள்கைத் தளத்துக்குள்ள இருக்கிற தேசியக் கொள்கைத் தொகுப்பும் இதே அமைப்புலதான் நிக்குது. அப்ப ரெண்டு வருஷச் சுற்றுக்காகக் காத்திருக்கிறது கட்டாயம் இல்ல. திட்டம் மூடினா, இணைஞ்சா, பேர் மாறினா அன்னிக்கே பதிவு பண்ற மாதிரியும், பழைய பதிவை அழிக்காம வரலாறா வைக்கிற மாதிரியும் செஞ்சா அந்த மிச்ச மார்க்கையும் மனசாரக் குடுத்துடுவேன்.

புதுசா உள்ள போறவங்க நாட்டுப் பக்கத்துல ஆரம்பிக்காதீங்க, அங்க பட்டியலோட நீளத்தைப் பாத்தே சோர்ந்துடுவீங்க. ஒரு உதவி வகையைத் தேர்ந்தெடுங்க, உதாரணமா சின்ன கம்பெனிகளுக்கான இன்னோவேஷன் வவுச்சர், அதுல நாலஞ்சு நாட்டு பதிவை முழுசா படிங்க, அப்புறம் அந்தந்த அமைச்சகத்தோட சொந்தப் பக்கத்துக்குப் போய் திட்டம் இன்னும் ஓடுதான்னு பாத்துக்கோங்க.