மேலாளர் கையில் எவ்வளவு இருக்கிறது? அமைப்புக் கோட்பாடுகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெரிய நிறுவனங்களைப் பற்றிய கோட்பாடுகளை ஆண்டு வரிசையில் படித்தால், புதிதாக வந்தது பழையதை ஓரங்கட்டியது போலத் தெரியும். எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் வேறு படம் கிடைக்கும். நிறுவனம் நடக்கும் விதத்தில் மேலாளர் கையில் எவ்வளவு இருக்கிறது? எண்பது ஆண்டுகளில் அந்தப் பங்கு கரைந்துகொண்டே வந்திருக்கிறது.

வேலையை அளந்து நிர்வகிக்கும் முறையை முன்வைத்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லரைக் கேட்டால், கிட்டத்தட்ட எல்லாமே மேலாளர் கையில்தான். 1899-இல் அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 டன் என்றிருந்ததை 47.5 டன் ஆக்கியதாக அவர் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக ஏறியது. எப்போது தூக்குவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதையும் மேற்பார்வையாளரே சொன்னார். இந்தக் கதைக்கு டெய்லர் தாராளமாக மெருகேற்றியிருக்கிறார் என்று பின்னாளில் ஆவணங்களைத் தோண்டியவர்கள் காட்டினார்கள். ஆனாலும் வேலையை அளந்து பிரிக்கும் முறை நிலைத்துவிட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் வேபர் அதிகாரத்தை ஆளிடமிருந்து பதவிக்கும் எழுதிய விதிக்கும் மாற்றினார். இரண்டிலும் உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும், இறங்கியபடியே நடக்கும் என்பது எடுகோள்.

அதை உடைத்தது அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாத்தார்ன் ஆலை. 1924 முதல் 1932 வரை அங்கே நடந்த ஆய்வுகளில் எல்லோரும் சொல்வது, 'கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே உற்பத்தி கூடும்' என்ற கதையைத்தான். அதன் அடித்தளம் பலவீனமானது. ரிலே என்ற தொலைபேசி உறுப்பைப் பொருத்தும் அறையில் இருந்த ஐந்து பெண்களில் இருவர், ஒத்துழைக்கவில்லை என்று நடுவில் மாற்றப்பட்டார்கள். கூலி கணக்கிடும் முறையும் மாறியது. இத்தனையும் சேர்ந்து மாறும்போது எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? 1931-32-இல் 14 ஆண்களை வைத்து நடந்த வயரிங் அறை ஆய்வுதான் உண்மையான சரக்கு. நாளுக்கு இரண்டு சாதனம் முடித்தால் போதும் என்பது அவர்களுக்குள் பேசாத ஒப்பந்தம். அதற்கு மேல் ஓடுபவரின் புஜத்தில் கூட்டாளிகளே ஒரு குத்து விடுவார்கள். நிறையச் செய்தால் நிறையக் கூலி என்ற திட்டம் அங்கே கண்ணெதிரே இருந்தும் பலிக்கவில்லை.

முடிவெடுத்தலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1947-இல் இன்னொரு வெட்டு வெட்டினார்: மேலாளரின் கவனமும் தகவலும் குறைவு, ஆகவே அவர் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு இல்லை, சூழலுக்கேற்ப அது மாற வேண்டும் என்கிறது 1960-களின் சூழல்பொருத்தக் கோட்பாடு. நடைமுறைக்கு அதிகம் உதவுவது இதுதான் என்பது என் கணிப்பு. இங்கிலாந்தின் தெற்கு எசெக்ஸில் 100 தொழிற்சாலைகளை ஆராய்ந்த ஜோன் வுட்வர்ட், நிர்வாகப் பாடநூல் விதிகளைப் பின்பற்றியவர்கள்தான் வெற்றி பெற்றார்கள் என்பதற்குச் சான்று காணவில்லை. உற்பத்தி முறையால் பிரித்ததும் புள்ளிகள் வரிசையில் விழுந்தன. ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கும் ஆலைகளில் அதிகாரப் படிகள் மூன்று, பெருமளவு உற்பத்தியில் நான்கு, ரசாயனம் போன்ற தொடர் உற்பத்தியில் ஆறு. முதல்நிலை மேற்பார்வையாளரின் கீழ் இருந்தவர்கள் சராசரியாக முறையே 23, 48, 15 பேர். வெற்றி பெற்றவை தத்தம் வகையின் நடுப்புள்ளியை ஒட்டியே இருந்தன. நிறுவனத்தின் அளவுதான் முக்கியம், தொழில்நுட்பம் உற்பத்தித் தளத்தை ஒட்டிய பகுதியை மட்டுமே தீண்டும் என்று பிரிட்டனின் ஆஸ்டன் ஆய்வுக் குழு பின்னர் மறுத்தது. அந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை.

வேலைகள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதை வைத்து, அமைப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சன் 1967-இல் தந்த பிரிப்பு இன்னும் கூர்மை. கிளைகள் தனித்தனியே இயங்கி மொத்தத்துக்குப் பங்களித்தால் பொது விதி போதும். ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடானால் அட்டவணை வேண்டும். அறுவை அரங்கில் மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் போல வேலை முன்னும் பின்னும் பாய்ந்தால், நேருக்கு நேர் பேசிச் சரிசெய்வதைத் தவிர வழியில்லை. இதுவே மூன்றிலும் செலவு மிக்கது என்பதால் அப்படிப்பட்டவர்களை ஒரே பிரிவில் வைக்கச் சொன்னார். பல மறுசீரமைப்புகள் கெடுவது இங்கேதான். ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டியவர்களை இரண்டு துறைகளாகப் பிரித்து, நடுவில் ஒரு படிவத்தை நிறுத்துவார்கள். படிவம் போய் வருவதற்குள் நிலைமை மாறியிருக்கும். உடனே இன்னொரு படிவம் பிறக்கும்.

இதுவரை மேலாளருக்குத் தேர்வாவது இருந்தது. 1977-இல் ஒரே சமூகவியல் இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் அதையும் அசைத்தன. முதல் கட்டுரையில் மேயரும் ரோவனும் சொன்னது: பல துறைகளும் நடைமுறைகளும் வேலைக்காக அல்ல, வெளியார் கண்ணில் முறையான நிறுவனமாகத் தெரிவதற்காகவே இருக்கின்றன. உண்மையான வேலை அவற்றிலிருந்து கழன்று தனியே ஓடும். சோதிப்பது எளிது. வேலை முடிந்த தேதியையும் அதற்கான அனுமதிப் பதிவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதிவுகள் மாதக் கடைசியில் கும்பலாக, வேலைக்குப் பிறகு விழுந்திருந்தால் கழன்றிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது விதியைக் கடுமையாக்கினால் கும்பல்தான் பெரிதாகும்.

மற்றக் கட்டுரையை எழுதிய ஹன்னனும் ஃப்ரீமனும் இன்னும் கடுமை. போட்ட முதலீடு, உள் அரசியல், உரிமங்கள், பழைய முன்னுதாரணங்கள் என எல்லாம் சேர்ந்து நிறுவனத்தைக் கட்டிப்போடுகின்றன. எனவே நிறுவனங்கள் மாறுவதைவிட, பொருந்தாதவை மடிந்து புதியவை பிறப்பதாலேயே துறை மாறுகிறது என்றார்கள். இதில் மேலாளர் ஏறக்குறைய பார்வையாளர். ஆகவே ஒரு நிறுவனத்தைச் சீர்படுத்த இதை எடுத்தால் கையில் ஒன்றும் தேறாது. ஒரு துறை முழுவதையும் பார்க்கும் முதலீட்டாளருக்கோ கொள்கை வகுப்பவருக்கோதான் இது பயன்படும். அதற்கும் தரவு வேண்டும். அவர்களே அமெரிக்கத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்தபோது 1836-லிருந்து 1985 வரை பிறந்தவை, மடிந்தவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். இன்று உயிரோடிருப்பவற்றின் பட்டியலை மட்டும் வைத்துச் செய்தால், செத்தவற்றிடமும் அதே குணங்கள் இருந்தனவா என்று பார்க்க வழியே இருக்காது.