ரைசோபியமா, அசோஸ்பைரில்லமா?

உயிர் உரம் வாங்கப் போனால் இரண்டு பொட்டலங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

இரண்டுமே பாக்டீரியாக்கள்: கிராம் சாயத்தைப் பிடித்து வைக்காத கிராம் நெகட்டிவ் வகை, ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற வகுப்பு. இரண்டுக்கும் சிக்கலும் ஒன்றுதான்: தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்.

ரைசோபியம் பயறுவகைச் செடியின் வேருக்குள் நுழைகிறது, செடி அதற்கு வேர்முடிச்சு கட்டித் தருகிறது. முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளந்து கொடுப்பது லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம். முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி நேராகச் செடிக்கே போகிறது.

அசோஸ்பைரில்லத்துக்கு அப்படிப்பட்ட வீடு கிடையாது. வளைந்த கோல் வடிவம், வால் போன்ற கசையிழையால் நீந்தி ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆய்வகத்தில் கூழ் போன்ற அரைத்திட ஊடகத்தில் வளர்த்தால் மேற்பரப்பில் வளராமல், சற்றுக் கீழே வெண்படலமாக நிற்கும். பிடித்த தழைச்சத்தில் பயிருக்கு விடுவது கொஞ்சம்தான். அது சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேரைக் கிளைக்க வைப்பதுதான் முக்கிய லாபம் என்பேன். அதனால் இதை நம்பி நெல்லுக்கு யூரியாவை அடியோடு நிறுத்துவது சரியல்ல.

வகைப்பாட்டில் ரைசோபியத்தின் கதைதான் சிக்கலானது. 1889-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க் பெயர் வைத்த பிறகு, பயறுவகை வேரில் முடிச்சு போடுகிற எல்லாவற்றையும் இந்தப் பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) சேர்த்துவந்தார்கள். 1982-இல் மெதுவாக வளர்பவற்றைப் பிராடிரைசோபியம் என்று பிரித்தார்கள். நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு வேர்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம். பொட்டலத்தின் மேல் எல்லாமே ரைசோபியம்தான்! ஆகவே எந்தப் பயிருக்கானது என்று கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்கானது இன்னொன்றில் முடிச்சே போடாமல் போகலாம்.

அசோஸ்பைரில்லம் 1978-இல்தான் தனிப் பேரினமானது. நெல், கம்பு, சோளம், கரும்பு என்று அவ்வளவாகப் பேதம் பார்க்காது.

பயறுக்கு ரைசோபியம்தான், அதில் போட்டியே இல்லை. அதிலும் சோயா போன்ற புதுப் பயிரை முதன்முறை போடும் நிலத்தில் பலன் கண்ணுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதே பயறு விளைந்த மண்ணில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும், வித்தியாசம் குறைவு.

எதை வாங்கினாலும் பூஞ்சாணக் கொல்லி விதைநேர்த்தியை முதலில் முடியுங்கள். அப்புறம் உயிர் உரத்தை ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.