சுண்டெலிக்கு எது உதவியது: திராட்சைத் தோலா, சக்கரமா?

ரெஸ்வெரட்ரால் என்பது சிவப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் சேர்மம். 2006இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் வெளிவந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகள்தான் அதற்கு இவ்வளவு பெயர் வாங்கிக் கொடுத்தன. இரண்டிலும் கொழுப்பு மிகுந்த தீனி போட்டார்கள். பிரான்ஸ் குழு எலியின் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் தினமும் கொடுத்தது. எலிகள் அவ்வளவாகக் குண்டாகவில்லை. ஓட்ட இயந்திரத்தில் மற்ற எலிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடின. அமெரிக்கக் குழு கொடுத்தது சுமார் 22 மில்லிகிராம். ஆயுள் கூடியது, இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. எடை மட்டும் பெரிதாகக் குறையவில்லை.

அதாவது, எடைக்கு உதவியது பெரிய அளவுதான். எலிக்குக் கொடுத்த அளவை 12ஆல் வகுத்து மனிதருக்குக் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ ஆளுக்குத் தினமும் சுமார் 2 கிராம் வேண்டும். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருப்பதோ சில மில்லிகிராம். அதிலும் நம் குடலும் ஈரலும் அதை உடனே உருமாற்றிவிடுவதால் ரத்தத்தில் அப்படியே சேர்வது மிகக் கொஞ்சம்.

சரி, உடற்பயிற்சி? கூண்டில் ஒரு சக்கரம் வைத்தால் போதும், யாரும் விரட்டாமலே சுண்டெலி ஓர் இரவில் பல கிலோமீட்டர் ஓடும். ஓடிய பசிக்குக் கூடுதலாகத் தின்றுவிடுவதும் உண்டு. அதனால் எடை பெரிதாக இறங்காமல் போகலாம். ஆனாலும் ஈரல் கொழுப்பு குறைகிறது, இன்சுலின் சீராகிறது. ஓட்ட இயந்திர ஆய்வுகளை மட்டும் நான் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிப்பேன். நின்றால் பின்னாலிருந்து மின் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். அந்தப் பதற்றமும் முடிவுகளில் கலந்துவிடும்.

என் ஓட்டு சக்கரத்துக்குத்தான். எலியின் ஓட்டத்தை மனிதர் கணக்குக்கு மாற்ற மில்லிகிராம் வகுத்தல் தேவையில்லை. சேர்மங்கள் பலமுறை இங்கேதான் இடறுகின்றன. நம் மீன் குழம்புக் குடம்புளியையே பாருங்கள். அதன் அமிலம் எலிகளில் கொழுப்பு உருவாவதைத் தடுத்தது, பசியையும் குறைத்தது. 1998இல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. இன்றும் எடை குறைக்கும் கேப்சூல் என்று அது விற்பனையில் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். 2013இல் டென்மார்க்கில் 65 வயதை ஒட்டிய 27 ஆண்களுக்கு 8 வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப்பேருக்குத் தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால், மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அதிகம் கூடியது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான்.